பிள்ளைக் காம்பராவின் பலகைத் தரைக்குக் கீழே

தரை எழும்பியது

2002 ஜனவரியில், தைப்பொங்கல் கழிந்த சில நாட்களில், பதுளையிலுள்ள எங்கள் பலகைக் கடைக்கு ஒரு தொலைபேசி அழைப்பு வந்தது. மடுல்சீமைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றிலிருந்து பேசினார்கள். கடை முதலாளி நஸீர் ஹாஜியார் கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

“செல்வம், நீ ஆகஸ்ட்ல போட்ட தரை எழும்பி நிக்குதாம்.”

“எழும்பின்னா, முதலாளி?”

“எழும்பின்னா எழும்பித்தான். புள்ளைகள் அதுல ஏறிச் சறுக்கி வெளயாடுதாம்.”

நான் சிரிக்கவில்லை. அந்தத் தரையைப் போல இன்னொன்றை அந்தத் தோட்டத்துக்கு யாரும் கொடுக்கப்போவதில்லை என்பது எனக்குத் தெரியும். மறுநாள் காலை பசறை வழியாகப் போகும் பஸ்ஸில் ஏறிவிட்டேன்.

மிதக்கும் தரை

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருபவர்களுக்காகக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். மிதக்கும் தரை என்றால், பலகைகளைக் கீழே உள்ள கொங்கிரீட்டோடு ஆணி அடித்துப் பிடிப்பதில்லை, ஒட்டுவதுமில்லை. ஒரு பலகையின் நாக்கு அடுத்த பலகையின் பள்ளத்துக்குள் போய் உட்காரும். அந்த மூட்டில் மட்டும் பசை. முழுத் தரையும் ஒரே பாய் போலச் சேர்ந்து, கீழே விரித்த மெல்லிய ஃபோமின் மேல் சும்மா கிடக்கும். மரம் ஈரக்காற்றில் விரியும், காய்ந்தால் சுருங்கும். அதற்காகச் சுவரோரம் சுற்றிவர ஒரு விரல் அகலம் விட்டு, அந்த இடைவெளியை ஸ்கர்ட்டிங் பலகையால் மறைப்போம். ஃபோமுக்கும் கொங்கிரீட்டுக்கும் நடுவே தடித்த பொலித்தீன் விரிக்க வேண்டும். கீழிருந்து வரும் ஈரத்தை அதுதான் மறிக்கும்.

பிள்ளைக் காம்பரா என்பது, தாய்மார் கொழுந்தெடுக்க மலைக்குப் போகும்போது கைக்குழந்தைகளையும் சின்னப் பிள்ளைகளையும் விட்டுச் செல்லும் அறை. அந்தத் தோட்டத்துப் பிள்ளைக் காம்பரா மலைச்சரிவை வெட்டிச் சமப்படுத்திய இடத்தில் இருந்தது. வெறும் சீமெந்துத் தரை. மடுல்சீமைக் குளிரில் அந்தத் தரையில் காலை வைத்தால் முழங்கால்வரை விறைக்கும். குழந்தைகள் அதில்தான் தவழ்ந்தார்கள், சாக்கு விரித்து அதில்தான் தூங்கினார்கள். மார்கழியில் அந்த அறைப் பக்கம் போனால் பேச்சைவிட இருமல்தான் அதிகம் கேட்கும் என்று சொல்வார்கள்.

பண்டாரவளையில் நாங்கள் ஒரு ஹோட்டலுக்குத் தரை போட்டபோது வெளிநாட்டுப் பலகை மிஞ்சியது. மேலே தேக்கு, கீழே ஒட்டுப்பலகை. ஹோட்டல்காரர் அதை விற்காமல், “எங்கயாவது தோட்டத்துப் புள்ளைங்களுக்குப் போட்டுக் குடுங்க” என்று சொல்லிவிட்டார். மிஞ்சிய பலகையின் அளவும் இந்த அறையின் அளவும் ஏறக்குறைய ஒத்துவந்தன. இப்படித்தான் 2001 ஆகஸ்டில் நான் அங்கே போனேன்.

கப்பலேறும் தாள்

பலகையும் ஃபோமும் லொறியில் வந்தன. பொலித்தீன் வரவில்லை. கடையில் தடித்த ரகம் தீர்ந்துபோயிருந்தது. திரும்ப எடுத்துவர ஒரு கிழமையாவது ஆகும். அதுவரை பலகையைக் காம்பராவில் அடுக்கி வைத்தால் குழந்தைகளுக்கு இடமில்லை.

அப்போது தொழிற்சாலையின் டீமேக்கர் இரத்தினசிங்கம் ஐயா வந்தார். ஊர் சாவகச்சேரி. தேயிலையை வாட்டி, அரைத்து, காயவைத்து, பொதி செய்து அனுப்புவதுவரை எல்லாம் அவர் பொறுப்பு. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு என் கவலையைக் கேட்டார்.

“ஐசே, ஈரத்துக்குப் பயந்தே நிக்கிறீர்? ஈரத்தோட முப்பது வருசமாச் சண்டை பிடிக்கிறவன் நான். வாரும்.”

தொழிற்சாலைக் களஞ்சியத்துக்குக் கூட்டிப்போனார். முன்பெல்லாம் தேயிலையை மரப்பெட்டிகளில் அனுப்புவார்கள். பெட்டிக்குள் வெள்ளி போல மின்னும் அலுமினியத் தாள் விரித்து அதற்குள்தான் தேயிலையைக் கொட்டுவார்கள். பிறகு கடதாசிச் சாக்கு வந்துவிட்டதால் அந்தத் தாள் கட்டுக்கட்டாக மிஞ்சிக் கிடந்தது.

“இதுக்குள்ள இருந்துகொண்டு தேயிலை கப்பலேறி லண்டன் வரைக்கும் போனது. கடலுக்கு நடுவிலயும் ஒரு துளி ஈரம் உள்ள போகாது. உம்மட பலகைக்கு இது காணாதோ?”

அவர் சொன்னது எனக்கு மிகச் சரியாகப் பட்டது. தேயிலையைப் போல ஈரத்தை இழுக்கும் பொருள் வேறில்லை. அதைக் காக்கும் தாள் மரத்தைக் காக்காதா? ஒன்றன்மேல் ஒன்று ஏறும்படி இரண்டு படையாக விரித்தோம். தரை முழுக்க வெள்ளித்தட்டுப் போல மின்னியது. காம்பராவைப் பார்த்துக்கொள்ளும் பாக்கியம் அக்கா வாசலில் நின்று, “ஐயோ பாஸ், இத மூடிப்புடாதீங்க, இப்புடியே விடுங்க, புள்ளைங்க மொகம் பாத்துக்கும்” என்றார். எங்கள் பக்கத்தில் கைவேலைக்காரர்களைப் பாஸ் என்றுதான் கூப்பிடுவார்கள்.

ஃபோமைப் போட்டுப் பலகையைப் பூட்டினேன். புறப்படும்போது பாக்கியம் அக்காவிடம் ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொன்னேன். தோட்டத்தில் தரை கழுவுவதென்றால் வாளி வாளியாக ஊற்றி ஈர்க்கு விளக்குமாற்றால் தள்ளுவதுதான் வழக்கம். இந்தத் தரையில் அது கூடவே கூடாது.

“அப்ப புள்ளைங்ககிட்டயும் சொல்லிட்டுப் போங்க பாஸ், ஒண்ணுக்குப் போவக் கூடாதுன்னு.”

“அத உடனே தொடச்சிருங்கக்கா. துணியப் புழிஞ்சு தொடைங்க. வாளி மட்டும் வேணாம்.”

“சரிங்க. வாளிய ஒளிச்சு வச்சிர்றேன்.”

யார் ஊற்றியது

ஜனவரியில் நான் போய் இறங்கியபோது தரையின் நடுவே பலகைகள் ஒன்றையொன்று நெருக்கிக் கூரைபோல் எழும்பி நின்றன. பின்சுவர் ஓரமாகப் பலகைகளின் விளிம்புகள் மேலே வளைந்து, ஒவ்வொன்றும் ஓடுபோலக் குழிந்திருந்தது. குழந்தைகள் எழும்பிய இடத்தில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தார்கள். பாக்கியம் அக்கா ஒரு மூலையில் உட்கார்ந்திருந்தார். எழுந்திருக்கவில்லை.

சின்னத்தொரை என்று தோட்டத்தில் அழைக்கப்படும் உதவி முகாமையாளர் வந்தார். இளைஞர். தமிழ் நன்றாகப் பேசுவார்.

“வாளி வாளியா ஊத்தியிருக்கா, பாஸ். கூரை ஒழுகல்ல. வேற எங்கேருந்து தண்ணி வரும்? தானமாக் கெடச்ச சாமான நாசம் பண்ணியாச்சு. திங்கக்கிழமை பெரட்டுக்கு வரச் சொல்லிட்டேன். மலைக்குப் போகட்டும்.”

பெரட்டு என்பது காலையில் ஆட்களைக் கூட்டி வேலை பிரித்துக் கொடுக்கும் இடம். பாக்கியம் அக்கா முன்பு கொழுந்தெடுத்தவர்தான். செங்குத்தான மலையில் கூடையோடு விழுந்து இடுப்பெலும்பு முறிந்த பிறகே அவரைப் பிள்ளைக் காம்பராவுக்கு மாற்றினார்கள். படி ஏறும்போதே சுவரைப் பிடிப்பார். அவரால் இனி மலை ஏற முடியாது. ஏறாவிட்டால் வேலை இல்லை.

சின்னத்தொரை போன பிறகு நான் கேட்டேன்.

“அக்கா, உண்மையச் சொல்லுங்க. ஊத்துனீங்களா?”

“எம் மகன் மேல ஆணையா இல்ல பாஸ். நீங்க சொன்ன அன்னியோட வாளி மேல வளைக்குப் போச்சு. வேணுன்னா பாருங்க.”

அண்ணாந்து பார்த்தேன். கூரை வளையில் வாளி தலைகீழாகத் தொங்கியது. அதற்குள் சிலந்தி வலை பின்னியிருந்தது.

வாளியைவிடப் பலகையின் வடிவம்தான் என்னை யோசிக்க வைத்தது. மேலே தண்ணீர் பட்டால் பலகையின் மேற்பக்கம் ஊதி நடு புடைக்கும். இங்கே விளிம்பு எழும்பி நடு குழிந்திருந்தது. அப்படியென்றால் அடிப்பக்கம்தான் ஊறியிருக்கிறது. ஆனால் அடியில் லண்டன்வரை போகும் தாள் அல்லவா கிடக்கிறது?

தாளைக் காணவில்லை

சனிக்கிழமை மத்தியானம் தாய்மார் குழந்தைகளைத் தூக்கிப்போனதும், பின்சுவரோரம் நின்ற அலமாரியை வெளியே எடுத்துவிட்டுத் தரையைக் கழற்றத் தொடங்கினேன். பசை ஈரத்தில் விட்டுப்போயிருந்ததால் பலகைகள் உடையாமல் வந்தன. டீமேக்கர் ஐயாவும் வந்து நின்றார்.

வாசற்பக்கம் ஃபோமைச் சுருட்டியபோது தாள் பளபளவென்று அப்படியே இருந்தது. ஐயா என்னைப் பெருமையாகப் பார்த்தார். அறையின் நடுவுக்கு வந்தபோது தாளில் ஊசிக்குத்துப் போலத் துளைகள். குனிந்து பார்த்தால், இரவு வானத்தைத் திருப்பிப் போட்டதுபோல் வெள்ளியில் கருப்புப் புள்ளிகள். பின்சுவருக்குப் போனபோது தாளே இல்லை. ஈரமான வெள்ளைப் பொடி மட்டும் கொங்கிரீட்டில் படிந்திருந்தது. விரலால் தொட்டேன்; மாவுபோல் ஒட்டியது.

ஐயா மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார்.

“தின்னுப்போட்டுது, ஐசே. சீமெந்து தின்னுப்போட்டுது.”

“சீமெந்து அலுமினியத்தத் திங்குமாங்கய்யா?”

“படிச்சனான். காரம் பட்டா அலுமினியம் கரையும். படிச்சது அங்க, தாள் விரிச்சது இங்க. ரெண்டையும் சேர்த்துப் பார்க்கேல்லை.” குனிந்து அந்தப் பொடியை விரலில் தேய்த்துப் பார்த்தார். “தேயிலைப் பெட்டியில அதுக்கு மரம்தான் பக்கத்தில. மரம் தின்னாது.”

சீமெந்தில் இருக்கும் சுண்ணாம்புக் காரம், ஈரம் சேர்ந்தால் அலுமினியத்தை அரித்துவிடும். காய்ந்த கொங்கிரீட்டில் இது நடக்காது. அப்படியென்றால் எங்கே தாள் காணாமல் போனதோ, அங்கே ஈரம் அதிகம். வாசலில் தாள் முழுசாக இருக்கிறது, பின்சுவரில் இல்லை. குழந்தைகளைக் கழுவுவதும் துடைப்பதும் எல்லாம் வாசற்பக்கம். மேலிருந்து ஊற்றிய தண்ணீர் என்றால் அங்கேதான் தாள் முதலில் போயிருக்கும்.

“இத சின்னத்தொரைகிட்ட காட்டுவம் ஐயா.”

“காட்டினா நம்புவாரோ? உம்மட தாள் பழுது எண்டுதான் சொல்லுவார். கண்ணால பாக்கிற மாதிரி ஒண்டு வேணும்.”

மூன்று பொலித்தீன் துண்டுகள்

ஞாயிற்றுக்கிழமை வேலை இல்லை. காம்பராவில் குழந்தையும் இல்லை, வாளியும் இல்லை. தொழிற்சாலையில் கிடைத்த தெளிவான பொலித்தீனில் ஒரு முழ அளவில் மூன்று சதுரங்கள் வெட்டினேன். வெறும் கொங்கிரீட்டைத் துடைத்து, ஒன்றை வாசலில், ஒன்றை நடுவில், ஒன்றைப் பின்சுவரோரம் வைத்து நான்கு பக்கமும் காற்றுப் புகாமல் டேப் ஒட்டினேன். எந்தத் தரைக்கும் இந்தப் பரிசோதனை போதும். அடியிலிருந்து ஈரம் ஏறினால் பொலித்தீனின் கீழ்ப்பக்கத்தில் தங்கிவிடும். ஏறாவிட்டால் அது தெளிவாகவே இருக்கும்.

தொழிலாளர்கள் குடியிருக்கும் லயத்திலிருந்து வந்தவர்கள் வாசலில் கூடி வேடிக்கை பார்த்தார்கள்.

“என்ன பாஸ், தரைய அடகாக்க வச்சிருக்கீங்களா? எத்தன குஞ்சு பொரிக்கும்?”

“நாளைக்கு வந்து பாருங்க,” என்றேன்.

அறையைப் பூட்டிச் சாவியை டீமேக்கர் ஐயாவிடம் கொடுத்தேன்.

திங்கள் காலை பெரட்டில் பாக்கியம் அக்கா கொழுந்துக் கூடையோடு கடைசி வரிசையில் நின்றார். பெயர் கூப்பிடுவதற்கு முன் டீமேக்கர் ஐயா சின்னத்தொரையின் காதில் ஏதோ சொன்னார். அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், பிறகு நடந்தார். பாக்கியம் அக்காவும் பின்னால் வந்தார்.

கதவைத் திறந்தோம். வாசற்பக்கத் துண்டில் கண்ணாடியில் மூச்சு விட்டதுபோல் லேசான மங்கல். நடுத் துண்டில் பனி படிந்த மாதிரி நுண்ணிய துளிகள். பின்சுவர்த் துண்டில் முழுமுழுத் துளிகள், நெருக்கமாக, ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு தொங்கின. அந்த அறைக்குள் ஒரு நாள் முழுக்க யாரும் கால் வைக்கவில்லை. டேப்பைக் கிழித்துப் பொலித்தீனைத் தூக்கினேன். துளிகள் ஓடிச் சேர்ந்து என் மணிக்கட்டில் வழிந்தன. குளிர்ந்த, சுத்தமான தண்ணீர். கல்லுக்குள்ளிருந்து.

இருபது வருடம் கொங்கிரீட்டைத் தொட்டு வேலை செய்தவன் நான். அது அசையாத பொருள் என்றே நினைத்திருந்தேன். அன்று அது மூச்சு விடுவதைப் பார்த்தேன்.

சின்னத்தொரை குந்தி, விரலால் கொங்கிரீட்டைத் தொட்டார்.

“இந்த இடத்துல முன்னாடி என்ன இருந்துச்சு?”

பாக்கியம் அக்காதான் பதில் சொன்னார்.

“அலமாரி, தொரை. பால்மா டின்னு வைக்கிற பெரிய அலமாரி. அதுக்கு அடியில யாரு வாளியக் கொண்டு போறது?”

பாக்கியம் அக்கா மெதுவாக வந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு குனிந்து, ஈரமான அந்தச் சதுரத்தில் உள்ளங்கையை வைத்தார். தப்பிவிட்டோம் என்ற சந்தோசம் அந்த முகத்தில் இல்லை.

“பலக வர்றதுக்கு முன்ன, இத்தன வருசமும், இது மேலயா புள்ளைங்களப் படுக்கப் போட்டேன்?”

சின்னத்தொரை எழுந்தார்.

“கூடைய வச்சிட்டு இங்கயே இரு. பாஸ், இதுக்கு என்ன செய்யணும்?”

கான்

மழை நிற்கும்வரை பொறுக்க வேண்டியிருந்தது. பலகைகளைத் தொழிற்சாலை மாடியில் குச்சி கொடுத்து அடுக்கி, மேலே பாரம் வைத்துக் காயவிட்டோம். சின்னக் குழந்தைகளை வளையில் சேலைத் தூளி கட்டிப் படுக்க வைத்தார்கள்.

மார்ச்சில் நன்றாக வெயில் அடித்தது. பல நாளாக மழை இல்லை; ரோட்டில் புழுதி பறந்தது. தேயிலை மலையில் மழைநீர் மண்ணை அரிக்காமல் வடிய வெட்டும் வாய்க்காலுக்குத் தோட்டத்தில் கான் என்று பெயர். கான் வெட்டுவதற்கென்றே ஆட்கள் இருக்கிறார்கள். நான் கேட்டதும் சின்னத்தொரை நான்கு பேரை அனுப்பினார். காம்பராவின் பின்னால், மலைப்பக்கம், கொங்கிரீட்டின் அடிமட்டத்தைவிட ஆழமாக நீளக் கான் ஒன்று வெட்ட வேண்டும்.

“காஞ்ச மண்ணு பாஸ். இதுல என்னாத்தத் தேடுறீங்க?” என்று ஒருவர் முணுமுணுத்தார்.

முழங்கால் ஆழம்வரை புழுதிதான். இடுப்பளவு போனதும் மண்ணின் நிறம் மாறியது. இன்னும் இரண்டு வெட்டு. மலைப்பக்கத்து மண்சுவர் ஓரிடத்தில் மின்னியது. பிறகு அந்த மினுக்கம் நூலாகி இறங்கியது. பக்கத்தில் இன்னொன்று, அதற்கும் அப்பால் இன்னொன்று. சிறிது நேரத்தில் கானின் அடியில் தண்ணீர் ஓடத் தொடங்கிவிட்டது. சத்தமே இல்லை. மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நால்வரும் நின்றுவிட்டார்கள். முணுமுணுத்தவர் ஒரு கை அள்ளிக் குடித்துப் பார்த்தார்.

“ஐஸ் மாதிரி இருக்கு பாஸ்.”

மேலே ஏறிப் பார்த்தேன். காம்பராவுக்குப் பின்னால் தேயிலை வரிசை வரிசையாக ஏறி, சவுக்கு மரங்களைத் தாண்டி, மேகத்துக்குள் போனது. ஐப்பசியிலும் கார்த்திகையிலும் அந்த உச்சியில் விழுந்த மழை, மாதக்கணக்காக மண்ணுக்குள்ளும் பாறைப் பிளவுக்குள்ளும் நடந்து இப்போதுதான் இங்கே வந்து சேர்கிறது. வெயில் காலத்தில்கூட அது நடையை நிறுத்தவில்லை. அதன் பாதையில் நாம் ஓர் அறையைக் கட்டி, அதற்குள் குழந்தைகளைத் தூங்க வைத்திருக்கிறோம். நான் புத்தகங்களில் மலைகளைப் பற்றி நிறையப் படித்திருக்கிறேன். மலை எவ்வளவு பெரியது என்று எனக்குத் தெரிந்தது அந்தக் கானுக்குள் நின்றபோதுதான்.

கானில் கருங்கல் நிரப்பி, அடியில் துளையிட்ட குழாய் பதித்து, தண்ணீரைப் பக்கத்து ஓடைக்குத் திருப்பினோம். பின்சுவரில் எப்போதும் பச்சையாக இருந்த பாசி சித்திரைக்குள் காய்ந்து உரிந்தது.

மறுபடி

ஜூலையில் தரை போட்டோம். அதற்கு முன் டீமேக்கர் ஐயா கொழுந்து வாட்டும் மாடியிலிருந்து மின்விசிறி ஒன்றைக் கொண்டுவந்து அறைக்குள் காற்று ஓடவிட்டார். ஈரக்காற்றை அளக்க அங்கே தொங்கும் இரட்டை வெப்பமானியையும் ஆணியடித்து மாட்டினார். ஒன்றின் குமிழில் ஈரத்துணி, மற்றது உலர்ந்தது. இரண்டுக்கும் வித்தியாசம் கூடினால் காற்று காய்கிறது என்று பொருள். கொழுந்தைப் பார்ப்பதுபோலவே தினமும் வந்து பார்த்தார்.

“இண்டைக்கு நல்லா வாடியிருக்குது, ஐசே, உம்மட தரை.”

மறுபடி மூன்று துண்டுப் பொலித்தீன் ஒட்டினேன். வாசலும் நடுவும் தெளிவு. பின்சுவரில் லேசான மங்கல் மட்டும். அதன் பிறகே நஸீர் ஹாஜியார் அனுப்பிய ஆயிரம் கேஜ் தடித்த பொலித்தீனை விரித்தேன். ஒரு விரிப்பின் மேல் அடுத்தது ஒரு சாண் ஏறும்படி வைத்து டேப் ஒட்டி, சுவரில் நான்கு விரல் உயரம் ஏற்றிவிட்டேன். கெட்டுப்போன பலகைகளைக் கழித்ததில் பின்சுவரோரம் ஒரு பட்டை குறைந்தது. அந்த இடத்தைச் சீமெந்தாகவே விட்டு, பொலித்தீனைப் பலகை விளிம்போடு மேலே மடித்து, அந்த விளிம்பை ஒரு கட்டையால் மறைத்து, அலமாரியை அங்கே திரும்ப நிறுத்தினோம்.

2002 கடைசி மாதங்களில் மழை கொட்டியது. 2003 ஜனவரியில் தரையைச் சோதிக்கச் சொல்லிச் சின்னத்தொரையே ஆள் அனுப்பினார். ரோட்டில் மண் சரிந்திருந்ததால் கடைசித் தூரத்தை நடந்தே போனேன். காம்பராவுக்குள் குழந்தைகள் வரிசையாகத் தூங்கிக்கொண்டிருந்தார்கள். சாக்கு இல்லை, வெறும் பலகையில் துணி விரித்து, கையைக் காலைப் பரப்பிக்கொண்டு. தரை மட்டமாகக் கிடந்தது.

பின்பக்க ஓரத்தில் கட்டையை எடுத்து, பலகைக்கு அடியில் விரலை விட்டேன். ஃபோம் காய்ந்திருந்தது. பொலித்தீனின் மேற்பக்கமும் காய்ந்திருந்தது. அதன் விளிம்பை மெதுவாகத் தூக்கினேன். அடியில் சிறு சிறு துளிகள். மலை இன்னும் வந்துகொண்டுதான் இருந்தது. அதற்கும் அந்தக் குழந்தைகளின் முதுகுக்கும் நடுவே ஒரு நகத்தளவு கனம்கூட இல்லாத ஒரு விரிப்பு. இவ்வளவுதானா என்று தோன்றியது. இவ்வளவு போதுமா என்றும் தோன்றியது. போதுமாக இருந்தது.

பிறகு வந்த வருடங்களில் எந்த வீட்டுக்குத் தரை போடப் போனாலும் நான் முதலில் அறைக்குள் போவதில்லை. வீட்டைச் சுற்றிப் பின்னால் போய், மேட்டுப்பக்கம் எது என்று பார்ப்பேன். பிறகுதான் பொலித்தீன் துண்டை ஒட்டுவேன். தரை கெட்டுப்போனது என்று கூப்பிட்டாலும் அதே வரிசைதான். யார் ஊற்றியது என்று கேட்பதற்கு முன் எங்கிருந்து வருகிறது என்று பார்க்க வேண்டும். இளையவர்களுக்கு நான் சொல்ல நினைப்பது இது ஒன்றுதான்.

அன்று நான் முழங்காலிட்டு இருந்தபோதே சின்னத்தொரை மழையில் நனைந்த கோட்டோடு வாசலுக்கு வந்தார். ஒரு காலை உள்ளே வைக்கப்போனார்.

“தொரை, அப்புடியே நில்லுங்க,” என்றார் பாக்கியம் அக்கா, குழந்தைகள் விழிக்காத குரலில். “சப்பாத்துலேருந்து தண்ணி ஊத்துது.”

சின்னத்தொரை காலைப் பின்னுக்கு எடுத்தார். கோட்டைக் கழற்றி வெளியே ஆணியில் மாட்டினார், குனிந்து சப்பாத்தின் கயிற்றை அவிழ்த்தார், வெறுங்காலோடு பலகையில் நடந்து வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து, “எங்க, காட்டுங்க பாஸ்” என்றார்.